சுவிட்சுக்கும் வேண்டும் வாட்ச்மேன்

கே: லேபில் உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கு நல்ல பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டேன். அப்படியும் டெல்நெட்டை மூடு என்கிறாரே எங்கள் அட்மின்?
- கல்லூரி லேப் உதவியாளர், சேலையூர்

ப: தூரத்தில் இருந்தபடி சுவிட்சுக்குள் நுழையும் வழியான டெல்நெட்டில் பாஸ்வேர்டு அடிப்பதும், கேம்ப் ரோடு சிக்னலில் நின்று ஏடிஎம் பின் நம்பரைக் கத்துவதும் ஒன்றுதான். எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்படிப் பாஸ்வேர்டுகள் களவுபோன பிறகுதான், 1995-ல் டாட்டு இலோனன், அதே வேலையை ரகசியக் குறியீட்டில் மறைத்துச் செய்யும் எஸ்எஸ்எச்சை எழுதினார். 2017 மார்ச்சில் வந்த சேதி இன்னும் மோசம்: சிஸ்கோவின் 318 மாடல்களில், டெல்நெட் திறந்திருந்தால் பாஸ்வேர்டே தேவையில்லை! 'டெல்நெட்டை மூடுங்கள்' என்று கம்பெனியே கேட்டுக்கொண்டது. உங்கள் அட்மினுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

கே: சரி, எஸ்எஸ்எச்சுக்கு மாறிவிட்டேன். இனி நிம்மதிதானே?

ப: யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டலாம் என்றால் என்ன நிம்மதி? இன்னின்ன ஐபியிலிருந்துதான் வரலாம் என்று ஓர் அக்சஸ் லிஸ்ட் எழுதி, அதை 'அக்சஸ்-கிளாஸ்' கட்டளையால் விடிஒய் லைன்களில், அதாவது நெட் வழியாக உள்ளே வருகிற வாசல்களில், மாட்டுங்கள். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். 0 முதல் 4 வரை பூட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். பல சிஸ்கோ சுவிட்சுகளில் லைன் 15 வரை உண்டு. மீதி 11 லைனுக்கும் அதே பூட்டு வேண்டும். வருகிறவர் எந்த லைனில் வந்து இறங்குவார் என்பது நம் கையில் இல்லை.

கே: மாட்டினேன். இப்போது நானே உள்ளே போக முடியவில்லை!

ப: வாழ்த்துகள், பூட்டு வேலை செய்கிறது! கன்சோல் கேபிளோடு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். அடுத்த முறை, கைவைக்கும் முன் 'ரீலோட் இன் 10' கொடுங்கள். சேமிக்காமல் விட்டால், பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். திறந்திருக்கும் விண்டோவை மூடாமல் இன்னொன்றில் லாகின் செய்து பாருங்கள். சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள்.

கே: எங்கள் சின்னக் கல்லூரியை யார் சார் தேடி வரப்போகிறார்கள்?

ப: தேடி வரவே வேண்டாம். 2016-ல் மிராய் என்ற நிரல், கண்ணில் பட்ட முகவரியை எல்லாம் தட்டிப் பார்த்து, பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாத கேமரா, ரவுட்டர்களை வளைத்துப் போட்டது. எழுதியவர்களில் ஒருவர் கல்லூரி மாணவர். தான் படித்த அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக நெட்டையே பலமுறை முடக்கியவர்! உங்கள் அக்சஸ் லிஸ்டில் மாணவர் வைஃபை இருந்தால் இன்றைக்கே தூக்கிவிடுங்கள்.