எந்த பிஸ்டலில் அரம் படலாம்?

கேள்வி: அமெரிக்காவில் கோல்ட் 1911 போன்ற பழம்பெரும் பிஸ்டலைத் தேர்ந்த துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து மாற்றி அமைக்கிறார்களே, நல்ல பொருளைக் கெடுப்பதாகாதா?

பதில்: எந்த பிஸ்டலைக் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911-ல் அமெரிக்க ராணுவம் ஏற்றது இந்தக் கோல்ட் 1911. சேற்றிலும் சுட வேண்டும், ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்த வேண்டும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே செய்தார்கள்; குறிபார்க்கும் முனையும் மிகச் சிறியது. கம்மியரின் வேலை இங்கேதான். குழல் நுனியைத் தாங்கும் வளையத்தை அந்த ஒரு குழலுக்கென்றே ராவிப் பொருத்துகிறார். சுத்தியலும் அதைப் பிடித்திருக்கும் கொக்கியும் உரசும் முகங்களைக் கல்லில் தீட்டி, விசை சீராக விடுபடச் செய்கிறார். அளவுக்கு மீறி இறுக்கினால் துப்பாக்கி திக்கும் என்ற ஆட்சேபம் சரியே. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கைக்குத்தான் கூலி. கலிபோர்னியாவின் ஆர்மண்ட் ஸ்வென்சன் கைபட்டவை அவர் பெயருக்காகவே மதிக்கப்படுகின்றன. அது கெடுப்பதல்ல, கலை.

ஆனால் ராணுவத்துக்கென இருபது லட்சத்துக்கும் மேல் செய்தார்களே, பழையதில் கைவைத்தால் என்ன நஷ்டம் என்பார்கள். எல்லாம் ஒரே வார்ப்பு அல்ல. தையல் மெஷின் புகழ் சிங்கர் கம்பெனி செய்தது வெறும் 500. அப்படி ஒன்றின் பழைய மேற்பூச்சைச் சுரண்டினால் எந்தக் கம்மியராலும் அதைத் திரும்பத் தர முடியாது. இதே வடிவில் இன்றும் புதிது புதிதாக வருகின்றன. அரத்துக்கு அவற்றைக் கொடுக்கட்டும்.