கயிறு இழுப்பவர்

இவரைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் திறமை எதுவும் வேண்டாம். கை குலுக்கிவிட்டு வந்து உங்கள் உள்ளங்கையை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய், கிரீஸ், கருகிய டூ-டி ஆயில், இவற்றோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன ஏதோ ஒரு சந்தன சோப்பு. வீட்டைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். கார் தெருவில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். கார் நிற்க வேண்டிய போர்ட்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய உருவங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். தூக்கினால் மத்தியானச் சாப்பாடு அங்கேதான்.

பழைய பெட்ரோல் எஞ்சின்களையும் கையால் தூக்கக்கூடிய ஜெனரேட்டர்களையும் சேர்த்துவைத்துப் பழுது பார்ப்பவர் இவர். கோயம்புத்தூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் உண்டு. மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவராக இருப்பார். இல்லையென்றால் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் பையன்களை வருஷக்கணக்கில் அரம் தேய்க்கவிட்டவராக இருப்பார். பம்புக்கும் கரண்டு மோட்டாருக்கும் பேர்போன ஊரில் பிறந்து வளர்ந்தும் மோட்டார் என்றால் இவருக்கு ஒரு இளக்காரம். “சுவிட்சப் போட்டா ஓடுது. இதுல என்னங்க இருக்குது?” என்பார். சுவிட்சைப் போட்டும் ஓடாத ஒன்று, அதிலும் சுவிட்சே இல்லாத ஒன்று கிடைத்தால்தான் அவருக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைக்கிறது.

குலதெய்வம் ஜி.டி. நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மனதைப் பறிகொடுத்து, காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் போட்டு, மறுபடி மாட்டிய கதை கோவைப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். “நாயுடுவும் பிரிச்சாருங்க, நானும் பிரிக்கிறனுங்க” என்று இவர் சொல்லும்போது குரலில் அடக்கம் ததும்பும். நாயுடு திரும்ப மாட்டினார் என்பதைக் கேட்பவர்கள் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

ஹோண்டா ஈ-300 என்று ஒரு ஜெனரேட்டர் உண்டு. 1965இல் ஜப்பானில் வந்தது. மேலே கைப்பிடி வைத்த சின்னப் பெட்டி, 300 வாட். இன்றைய கணக்கில் ஒரு மிக்ஸிக்கே அது திணறும். ஆனால் தார்ப்பாய்க்குள்ளிருந்து அதை வெளியே எடுக்கும்போது இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறார். “இது யாருன்னு தெரியுதுங்களா?” தெரியவில்லை என்றால் 1946இலிருந்து ஆரம்பிப்பார். போர் முடிந்து ஜப்பான் சோற்றுக்குத் திண்டாடிக்கொண்டிருந்த வருஷம். ராணுவத்தின் ஒயர்லெஸ் கருவிக்குக் கரண்டு கொடுக்கச் செய்த குட்டி ஜெனரேட்டர் எஞ்சின் ஒன்று சோய்ச்சிரோ ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதைச் சைக்கிளில் மாட்டினார். டாங்குக்கு வழியில்லை, வீட்டில் கிடந்த வெந்நீர் ஒத்தடப் புட்டியைக் கட்டினார். அப்படிக் கிடைத்த ஏறக்குறைய 500 எஞ்சின்களை வைத்துத்தான் பிழைப்பு தொடங்கியது. எஞ்சின் தீர்ந்ததும் சொந்தமாகச் செய்ய ஆரம்பித்தார். இவ்வளவும் உண்மை. இதிலிருந்து நம்மவர் எடுக்கும் முடிவுதான் அவருடைய சொந்தச் சரக்கு. “அப்ப ரோட்டுல போற இத்தன ஹோண்டா வண்டியும் யாருங்க? எல்லாம் ஜெனரேட்டரோட பேரப்புள்ளைங்க!”

அமெரிக்காவிலிருந்தும் ஒரு சாட்சி வைத்திருக்கிறார். அங்கே கிராமங்களுக்கு மின்சாரம் எட்டாத காலத்தில் மேடேக் கம்பெனி, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் ஒரு பெட்ரோல் எஞ்சினை வைத்து விற்றது. காலால் மிதித்துக் கிளப்ப வேண்டும். புகை போக ஒரு நீளக் குழாயை வீட்டுக்கு வெளியே விட்டுக்கொள்ள வேண்டும். இதை எங்கோ படித்த அன்று மத்தியானமே இவர் கண் வீட்டுக் கிரைண்டர் மேல் விழுந்தது. அதுவும் கோவைக் கிரைண்டர், புவிசார் குறியீடு வாங்கிய சாதி. மருந்தடிக்கிற இயந்திரத்திலிருந்து கழற்றிய பழைய எஞ்சினுக்குப் பெல்ட் போட்டுக் கிரைண்டரோடு இணைத்தார். புல்லியின் அளவை மனக்கணக்காகப் போட்டிருந்தார். கல் சுற்றிய வேகத்தில் உளுந்து மாவு சுவரெல்லாம் கோலம் போட்டுக் காலண்டரில் இருந்த முருகன் முகத்தில் வெண்ணெய்க் காப்பு சார்த்தியது. மிச்ச மாவில் மறுநாள் இட்லி. வீட்டம்மா ஒரு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னது: “பொடிக்கு எண்ணெய் வேணாமுங்க. சீமெண்ணெய் உள்ளயே இருக்குது.”

இந்தச் சேகரம் வளர்ந்தது தமிழ்நாட்டு மின்வெட்டின் புண்ணியத்தில். 2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு வெளியே 10 மணி நேரம், 12 மணி நேரம் கரண்டு இல்லாத நாட்கள். பவுண்டரிக்காரர்கள் ஆர்டரைப் பறிகொடுத்துத் தலையில் கை வைத்திருந்தார்கள். லேத் பட்டறையில் கரண்டு வரும் நேரம்தான் வேலை நேரம். அந்த வருஷத்தைப் பொற்காலம் என்று சொல்லும் ஒரே மனிதர் இவர். பக்கத்து வீட்டுப் பட்டறைக்காரர் காதுபட ஒருமுறை சொல்லி, இன்றுவரை இரு வீட்டுக்கும் பலகாரப் போக்குவரத்து இல்லை. அப்போது ஜெராக்ஸ் கடை, நகைக்கடை, பல் டாக்டர் என்று ஆளாளுக்கு ஒரு ஜெனரேட்டர் வாங்கி நடைபாதையில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிக்கொள்ளும் ரகம் நிறைய. பிறகு கரண்டு நிலைமை சீரானது. இன்வெர்ட்டர் வந்தது. செட்டுகள் கொல்லைக்குப் போயின. எந்தக் கொல்லையில் எந்தச் செட்டு துருப்பிடிக்கிறது என்ற கணக்கு இவர் விரல்நுனியில்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் இவருக்கு ஒரு ஓட்டப்பந்தயம் இருக்கிறது. கடைக்காரருக்கு எஞ்சின் வேண்டாம், ஆல்டர்னேட்டருக்குள் சுற்றியிருக்கும் செம்புக்கம்பிதான் காசு. சுத்தியல் விழுவதற்குள் இவர் போய்ச் சேர வேண்டும். செம்பு விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்தால் தங்கம் வாங்கப் போகிறவர்களைவிட அதிகமாக முகம் வாடுகிறவர் இவர்தான். கடையில் போய் நேராகச் செட்டைப் பார்க்க மாட்டார். பழைய சைக்கிள் ரிம்மை விலை கேட்பார், தராசைக் குறை சொல்வார், டீ குடிப்பார். கிளம்பும்போது, “இதென்ன, கொசு மருந்து அடிக்கிற மிஷினுங்களா?” என்று காலால் தட்டுவார். கடைக்காரர் இவரைப் பல வருஷமாகப் பார்ப்பவர். “ஆமாங்கய்யா, கொசு மருந்துதான்” என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டர் விலையே சொல்வார்.

இனி வேலை. இதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பார்க்காமல் எழுந்து போகவும் விடமாட்டார். முதலில் கார்புரேட்டர். மிதவை இருக்கும் கிண்ணத்தைக் கழற்றினால் பல வருஷத்துப் பெட்ரோல் வற்றி, பழுப்பாய், ஒட்டும் பிசினாய் அடியில் இருக்கும். ஜெட்டின் துளையில் ஒரு தலைமயிர் நுழைந்தால் அதிகம். ஒயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி உள்ளே விடுவார். “இரும்புக் கம்பிய உட்டா தொள பெருசாயிருமுங்க. அப்பறம் ஆயுசுக்கும் குடிகாரன்தான்.” அடுத்து, சக்கரத்துக்கு அடியில் இருக்கும் பாயிண்ட். அதன் வெள்ளைப் பூப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, கடைசித் துடைப்புக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை. வழவழப்பான அட்டையில்தான் தூசு தங்காதாம். உறவுக்காரர் கல்யாணங்களுக்கு இவர் போவது அபூர்வம், பத்திரிகைகளை மட்டும் டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறார். பிளக்கின் இடைவெளியை அளக்க ஆக்ஸா பிளேடு. கருவியெல்லாம் பெட்டியில் உண்டு, ஆனாலும் பிளேடுதான். அது நுழைந்து சற்றே உரசினால் சரி.

அப்புறம் விருந்தாளியின் முறை. “அந்த ஒயரக் கொஞ்சம் புடிங்க.” ஸ்பார்க் வருகிறதா என்று தெரிய வேண்டுமல்லவா? வருகிறது என்பது அவருக்கு நம் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும்.

கயிறு. முதல் இழுப்பு கணக்கில் சேராது, அது கும்பிடு. பிறகு சோக்கை மூடி ஓர் இழுப்பு, பாதி திறந்து ஓர் இழுப்பு, வைதுகொண்டே ஓர் இழுப்பு. பனியன் நனைகிறது. தெருநாய் எழுந்து அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. பெட்ரோல் மிஞ்சி பிளக் நனைந்துவிட்டால், அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போவார். ஒரு அடுப்பில் பீர்க்கங்காய்ப் பொரியல், இன்னொரு அடுப்பில் இடுக்கி பிடித்த பிளக். சூடு ஆறுவதற்குள் ஓடிவந்து மாட்டி இழுத்தால், டப் என்று ஒரு சத்தம், ஒரு வளையம் புகை, பிறகு திடீரென்று பேட்டையே அதிர ஓட ஆரம்பிக்கும்.

ஆனால் பல்பு எரியாது. நெடுநாள் சும்மா கிடந்த ஜெனரேட்டருக்குள் எஞ்சியிருக்க வேண்டிய காந்தம் செத்துப்போயிருக்கும். அது இல்லாமல் எவ்வளவு சுற்றினாலும் கரண்டு பிறக்காது. இவருக்கு இதுதான் உற்சவம். ஸ்கூட்டரின் 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி வந்து, இரண்டு ஒயரை ஒரே ஒரு கணம் சுருளில் தொட்டு எடுப்பார். பல்பு சிவந்து, மஞ்சளாகி, வெளிச்சம் நிமிர்ந்து நிற்கும். அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்புதான். எல்.இ.டி. எரிந்தால் எரிகிறது என்று மட்டும் தெரியும். குண்டு பல்பின் இழை நடுங்கினால் கவர்னர் தடுமாறுகிறது, எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றில் நிற்கவில்லை, 50 ஹெர்ட்ஸ் தப்புகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். கடைகளில் அந்தப் பல்பு அருகிவிட்டது என்று தெரிந்ததும் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வாங்கிப் பரணில் போட்டிருக்கிறார். பேத்திக்கு நகை சேர்க்கவில்லையா என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

எரிகிற பல்பைத் தலையைச் சாய்த்து இரண்டு நிமிஷம் பார்ப்பார். அவ்வளவுதான். கை தானாகச் சுவிட்சுக்குப் போகும்.

“ஏனுங்க, இத்தன பாடுபட்டு ஓட்டி என்னதான் பண்ணப் போறீங்க?” என்று வீட்டம்மா ஒருநாள் நேராகக் கேட்டார்.

“நிறுத்திருவேன்.”

இந்த ஒரு வார்த்தையில் மனிதர் முழுசாக அடக்கம். இவருக்குக் கரண்டு வேண்டாம். ஓடுகிற ஜெனரேட்டர் இவரைப் பொறுத்தவரை வேலை முடிந்த ஜெனரேட்டர், அதற்குத் தார்ப்பாய்தான். முரண்டு பிடிக்கிற ஒன்று இருந்தால்தான் பேச்சு, வசவு, நெருக்கம். அதனால்தான் நிஜமாகவே தெருவில் கரண்டு போகும் ராத்திரியில் இவர் வீட்டில் ஒன்றும் ஓடுவதில்லை. ஒன்றுக்குக் கார்புரேட்டர் தாம்பாளத்தில் கிடக்கும், ஒன்றுக்குக் கேஸ்கெட் வர வேண்டும், நன்றாக இருப்பதில் பெட்ரோல் வடித்தாகிவிட்டது. மகன் பெங்களூரிலிருந்து அனுப்பிய இன்வெர்ட்டர்தான் மின்விசிறியைச் சுற்றவைக்கிறது. அதைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். “அந்தப் பொட்டி.”

பெட்ரோலில் எத்தனால் கலப்பது இவருடைய நிரந்தரத் துக்கம். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதக் கலப்பு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், தக்கை மிதவையை அரிக்கும் என்று இவர் பாடும் ஒப்பாரியில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ரப்பரைச் செய்தவர்கள் எத்தனாலை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பங்கில் பெட்ரோல் போடும் பையனை நிறுத்தி வைத்து இதைச் சொல்லிக்கொண்டிருந்தால், பின்னால் நிற்கும் வண்டிக்காரர்கள் என்ன செய்வார்கள்?

ஒரு விஷயத்தில் இவரை நான் கேலி செய்ய மாட்டேன். எவ்வளவு மழையானாலும் வீட்டுக்குள், மூடிய அறைக்குள் ஜெனரேட்டரை ஓட்ட விடமாட்டார். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதேபோல் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேராகச் சொருகுகிறவனைக் கண்டால் அடிக்கப் போவார். அந்தக் கரண்டு தெருக்கம்பிக்குத் திரும்பிப் போய், லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைப் பதம் பார்க்கும்.

எஞ்சின் பெருமைக்கு இவர் கைவசம் இரண்டு புராணம் உண்டு. ஒன்று, 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாக் கிராமங்களில் கம்பங்களெல்லாம் சாய்ந்து கிடந்தபோது, வாடகை ஜெனரேட்டர் வைத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது. நேரில் நின்று பார்த்தவர் தோரணையில் சொல்வார். பார்த்தது டி.வி.யில், அதுவும் அந்தப் பொட்டியின் தயவில். இன்னொன்று யாழ்ப்பாணம். 1990களின் பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காமல், சில சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனங்கள். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தணிந்துவிடும். “அவிங்க எல்லாம் உசுரக் காப்பாத்த ஓட்டுனாங்க. நான் பொழுது போகாம ஓட்டறேன்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, சட்டென்று ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தார்.

போன மாசம் தெருக்கோடியில் ஒரு காதுகுத்து. பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி வந்து, சீரியல் செட்டுக்கும் மைக்குக்கும் ஒரு ஜெனரேட்டர் கடனாகக் கிடைக்குமா என்று கேட்டார். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. உட்காரவைத்தார். முதலில் ஆயில் அளவு பார்க்கும் முறை. பெட்ரோல் எந்தப் பங்கில், எந்த நேரத்தில் போட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, பந்தல் துணிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. சோக்கை எப்போது மூட வேண்டும், எப்போது பாதி திறக்க வேண்டும், திறந்தும் கிளம்பாவிட்டால் பிளக்கை எந்த அடுப்பில் காட்ட வேண்டும். கிளம்பியும் பல்பு எரியாவிட்டால் யாருடைய ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றலாம். எதற்கும் தாமே காலை நாலு மணிக்கு வந்துவிடுவதாகவும் சொன்னார்.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“அதுக்கென்னுங்கண்ணா, நீங்க விசேசத்துக்கு மட்டும் வந்துருங்க. சாமியானாக்காரங்ககிட்டயே சொல்லிப்போடறனுங்க.”