பெயர் கேட்டு வந்த ஜாக்கி சான்

வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட காலத்தில், எங்கள் தெருவில் கடைசிப் படம் எப்போதும் ஜாக்கி சானுடையதுதான். முந்தைய படங்கள் பெரியவர்களுக்கு. அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனபின் எங்கள் ராஜ்ஜியம். வசனம் ஒன்றும் புரியாது. புரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1985-இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி'யில் ஒரு வணிக வளாகத்தின் நடுவே, பல மாடி உயரக் கம்பத்தைத் தாவிப் பிடித்து, சுற்றியிருக்கும் சரவிளக்குகள் வெடித்துச் சிதற, சறுக்கிக்கொண்டே தரைக்கு வருவார். அதைப் படத்திலேயே வெவ்வேறு கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். எங்களுக்கு அதுவும் போதாது. "அண்ணே, இன்னொருக்கா ஓட்டுங்கண்ணே!" என்று டெக் கொண்டுவந்த அண்ணனைக் கெஞ்சுவோம்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, எடுக்கும்போது தவறிப்போன காட்சிகளைப் போடுவார்கள். விழுவார், தலையைப் பிடித்துக்கொள்வார், எழுந்து சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அந்தக் கம்பத்தில் அவர் உள்ளங்கை வெந்துபோனதும், 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் யுகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்ததும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டவை. அவர் படங்களில் வலி என்பது கதை முடிந்த பிறகு வருவது. அதுவும் சிரித்துக்கொண்டே வருவது.

அதே ஜாக்கி சான் நடித்த 'தி ஃபாரினர்' 2017-இல் வந்தது. ஸ்டீபன் லெதர் 1992-இல் எழுதிய நாவலை வைத்து, 'கோல்டன் ஐ', 'கேசினோ ராயல்' எடுத்த மார்ட்டின் கேம்ப்பெல் இயக்கிய படம். லண்டனில் உணவகம் நடத்தும் குவான் (ஜாக்கி சான்) என்ற வயதானவர் தன் மகளைக் காரில் கடைக்குக் கூட்டிவருகிறார். உடை வாங்கும் அவசரத்தில் அவள் இறங்கி உள்ளே ஓடுகிறாள். குண்டு வெடிக்கிறது. ஐரிஷ் தீவிரவாதக் குழு ஒன்று பொறுப்பேற்கிறது. அப்புறம் அந்த அப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: குண்டு வைத்தவர்களின் பெயர்.

என் மகளோடு உட்கார்ந்துதான் இதைப் பார்த்தேன். "ஏம்ப்பா இவர் இப்படி நடக்கறார்? கால்ல அடியா?" என்று கேட்டாள். அடி ஒன்றும் இல்லை. தோள் தொங்கிப்போய், பாதத்தைத் தரையிலிருந்து முழுசாக எடுக்காமல், கை பக்கவாட்டில் அசையாமல் கிடக்க, ஒரு மனிதன் காவல்துறை அலுவலகத்துக்குள் வருகிறான். சுவரேறிக் குதித்த அதே உடம்பு. படம் எடுக்கும்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அந்த நடையில் இருப்பது வயது மட்டும் அல்ல. விசாரணை அதிகாரி முன்னால் போய் உட்காருகிறார். பெயர் கேட்கிறார். சேர்த்துவைத்த பணத்தை நீட்டி, அதற்காவது பெயர் கிடைக்குமா என்று பார்க்கிறார். மறுபடி வருகிறார். குரல் உயர்வதே இல்லை. அதிகாரி கெட்டவர் இல்லை, அவரிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு ஏதாவது ஓர் அலுவலகத்தின் பெஞ்சில் காத்திருப்பவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழிவாங்கும் படங்கள் பெரும்பாலும் அந்தப் பெஞ்சை ஒரே காட்சியில் தாண்டிப் போய்விடுகின்றன. இந்தப் படம் அங்கே கொஞ்சம் நிற்கிறது. அதற்காகவே எனக்கு இதன் மேல் மரியாதை.

அதற்குப் பின்னால் வருவது நமக்குத் தெரிந்த பாதை. ஒருகாலத்தில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ.வில் இருந்து, இப்போது வட அயர்லாந்தில் அமைச்சராக இருக்கும் ஹென்னெஸி (பியர்ஸ் பிராஸ்னன்) அந்தப் பெயர்களை அறிந்தவர் என்று குவான் முடிவு கட்டுகிறார். பெல்ஃபாஸ்டில் ஹென்னெஸியின் அலுவலகத்துக் கழிப்பறையில் சிறிய குண்டு ஒன்றை வைக்கிறார். காட்டில் பொறி வைக்கிறார். வியட்நாம் போரில் அமெரிக்கப் படை பயிற்சி கொடுத்த ஆள் குவான் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது.

போர் முடிந்து படகில் தப்பி வரும்போது கடற்கொள்ளையரிடம் அவர் ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இது கதாசிரியர் சேர்த்த மசாலா அல்ல. 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து படகேறியவர்களைத் தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளையர்கள் வேட்டையாடியது வரலாறு. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்து ராமேஸ்வரம் கரையில் ஈரத் துணியோடு இறங்கிய குடும்பங்களைக் கண்ட நம் ஊர்க்காரர்களுக்கு, குவான் அந்தக் கடலைப் பற்றி ஏன் அதிகம் பேசுவதில்லை என்பது விளங்கும்.

சண்டைக் காட்சிகளும் இருக்கின்றன. தங்கும் விடுதியில் நடக்கும் மோதலில் நாற்காலியும் கதவும் படிக்கட்டும் பழைய ஜாக்கியை நினைவூட்டும். ஆனால் இங்கே விழுந்தால் எழ நேரமாகிறது. மூச்சு வாங்குகிறது. காயத்துக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறார். என் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் திருப்பவில்லை.

வாழ்நாள் பங்களிப்புக்காக ஜாக்கி சானுக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தது 2016 நவம்பரில். இந்தப் படம் திரைக்கு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. எலும்பு முறித்த ஆண்டுகளுக்கெல்லாம் சேர்த்து மரியாதை செய்து முடித்த பிறகுதான், அவர் சும்மா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவு சொல்ல முடியும் என்று உலகம் பார்த்தது. இயக்குநரிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பாதிக்கு மேல் படம் ஹென்னெஸியின் அரசியலுக்குள் போய்விடுகிறது. குவான் நெடுநேரம் கண்ணிலேயே படுவதில்லை. வெடித்த குண்டுகளில் இரண்டைக் குறைத்து, அந்தக் காவல் அலுவலகத்தில் அவரை இன்னும் பத்து நிமிடம் உட்காரவைத்திருக்கலாம்.