பவுடர் பார்க்கும் படலம்

இளம்பிள்ளைச் சேலைக் கடைக்காரர்களுக்கு ஆகாத ஆள் ஒருவர் உண்டு. மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அறுபது சேலையைப் பிரிக்கச் சொல்லி, முந்தானையைத் தடவி, கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு, "அப்புறமா வர்றோமுங்க" என்று எழுந்து போகிறவர். இந்த ஆளை விலாவாரியாகத் திட்டத் தெரிந்த நம் அண்ணன், சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் புரோட்டீன் பவுடர் கடைப்படி ஏறியதும் அச்சு அசலாக அதே ஆளாகிவிடுகிறார்.

பெயர் எதற்கு? நாலு தறி, ஒரு கடை, நாற்பதைத் தாண்டிய வயது, கல்லாப்பெட்டியை முட்டும் வயிறு. ஊரில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஜிம்முக்கு ஆறு மாதப் பணம் கட்டியாயிற்று. ஆனால் பவுடர் முடிவாகாமல் எடையைத் தொடுவது சாஸ்திர விரோதம் என்பது அவர் கொள்கை.

"இது என்ன தம்பி?"

"வே கான்சன்ட்ரேட்டுங்கண்ணா. எண்பது பர்சன்ட் புரோட்டீன்."

"மீதி இருபது?"

"லாக்டோஸ், கொழுப்பு அந்த மாதிரிங்க."

"கலப்புன்னு சொல்லு."

"ஐசோலேட் பாருங்க, தொண்ணூறு."

"அப்ப இது சுத்தப் பட்டு. மீதி பத்து?"

தம்பி பேச்சை மாற்ற கேசீனை எடுத்து வைக்கிறான். மெதுவாகத்தான் செரிக்குமாம், ராத்திரி படுக்கும்போது குடிக்கலாமாம். "நைட் ஷிப்ட்டு" என்று ஒரே சொல்லில் அதன் கதையை முடித்துவிட்டு அண்ணன் அடுத்த டப்பாவைத் திருப்புகிறார்.

வீட்டில் ஆத்தாவுக்கு இந்த வே என்னவென்று விளங்க வைத்தது பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன்தான். சீஸ் செய்யும்போது பால் திரிந்து ஒதுங்குகிற தண்ணீர். நூறு லிட்டரை வடிகட்டினாலும் ஒரு கிலோ புரதம் தேறாது, அதனால்தான் விலை. ஆத்தாவுக்குப் பிந்திய பாதி காதில் ஏறவே இல்லை. "திரிஞ்ச பால்த் தண்ணிக்கா சாமி மூவாயிரம்?"

அண்ணனுக்கு விலை ஒரு பொருட்டல்ல, போலிதான் பயம். 2024இல் கேரள மருத்துவர்கள் சிலர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து, அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரத அளவு தவறு என்று எழுதினார்கள். அந்தச் செய்தியை அண்ணன் போனில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட எடுத்துக் காட்டுவார். சோதனைச் சாலைகள் பெரும்பாலும் புரதத்தை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து பெருக்கிக்கொள்கின்றன. கிளைசின், டாரின் என்று மலிவான அமினோ அமிலத்தைத் தூவிவிட்டால் கணக்கு தானாக ஏறும். வெள்ளி ஜரிகை என்று செம்பைத் தள்ளிவிடுகிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவருக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் ஆகவில்லை.

புரிந்ததோடு நிறுத்தியிருக்கலாம். பட்டும் புரதம்தானே! சுத்தப் பட்டா என்று பார்க்க ஒரு இழையைக் கொளுத்துவார்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டு, காகிதம் எரிகிற வாடை வந்தால் ரேயான். அண்ணன் சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்து, கரண்டியில் ஒரு சிட்டிகை வைத்து, கேஸ் அடுப்பில் காட்டினார். வாடை கூடம் வரை போனது.

"யாரு சாமி தலையில தீய வெச்சுக்கிட்டது?" என்று ஆத்தா ஓடி வந்தார்.

"ஒரிஜினல்மா, ஒரிஜினல்!"

"சோயா மாவ எரிச்சாலும் இதே நாத்தம்தாம்ப்பா வரும்" என்றான் பதினொன்றாம் வகுப்பு. அன்றைக்கு அவனுக்குப் பைக் சாவி கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் நாமக்கல் பக்கத்தில்தான் இருக்கிறது. நாடு முழுக்க முட்டை அனுப்புகிற ஊர். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். நாலு முட்டை ஒரு ஸ்கூப்புக்குச் சமம், செலவு கால் பங்கு. இந்தக் கணக்கைப் போட்டதே அண்ணன்தான். ஆனாலும் முட்டையில் என்ன இருக்கிறது படிக்க? ஓட்டில் ஒரு எழுத்து உண்டா? 2024இல் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், உடம்பை ஏற்றப் பவுடர் வேண்டாம், சாப்பாட்டிலேயே தேடிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. கிலோவுக்கு 0.83 கிராம் என்பது அவர்கள் அளவு. 84 கிலோ அண்ணனுக்கு நாளைக்கு 70 கிராம். அந்த 70ஐ மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அவர் விட்டுவிட்டார்.

அமாவாசைக்குக் கஞ்சமலை அடிவாரத்துச் சித்தர் கோயில் போனால் அந்த மலையின் கதை வேறு கிளம்பும். சீடன் ஏதோ ஒரு செடியின் குச்சியால் சோற்றைக் கிளற, சோறு கருத்துப்போக, குரு திட்டுவாரே என்று பயந்து அதைத் தின்றவன் வாலிபனாகிவிட்டானாம். எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிற இடத்தில் அண்ணனுக்கு ஒரே ஆதங்கம்: "என்ன குச்சின்னு ஒருத்தனும் எழுதி வைக்கலியே!"

பவுடர் வருகிற வரைக்கும் என்று ஆத்தா தினம் காலையில் பால், பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை போட்டு மிக்ஸியில் ஓட்டி ஒரு சொம்பு தருகிறார். இருபது கிராம் தேறும் என்கிறான் பையன். அண்ணன் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். "இதுல எது எத்தன பர்சன்ட்மா?"

"குடிக்கறதுன்னா குடி. இல்லாட்டி தறி ஓட்டற பையனுக்குக் குடுத்தர்றேன்."

போன வாரம் ஒருவழியாக முடிவாயிற்று. ஐசோலேட்தான், ஒரு கிலோதான். தம்பி சந்தோஷத்தில் பில் புத்தகத்தையே திறந்துவிட்டான்.

"ஃப்ளேவர் என்னங்கண்ணா? சாக்லேட், காபி, குல்ஃபி, மாம்பழம்..."

"மாம்பழமா? என்ன மாம்பழம்?"

"மாம்பழங்கண்ணா..."

"மல்கோவாவா, இமாம்பசந்தா, குண்டா?"

தம்பி டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மாம்பழப் படம்தான் இருந்தது.

"சேலத்துல கடையப் போட்டுக்கிட்டு இதுகூடத் தெரியாம விக்கறியே தம்பி" என்றபடி அண்ணன் செருப்பை மாட்டினார்.