சைட் லோயர் கிடைத்தால் ராசா நீங்கள்தான்!
(வாசகர் கேள்வி – பதில்)

பரீட்சை முடித்த தம்பி, வெள்ளவத்தை
முதுகில் ஒரு பையோடு இரண்டு கிழமை தென்னிந்தியா சுற்ற ஆசை. எங்கே தொடங்கலாம்?

ரீ.நகரைத் தவிர எங்கேயும் தொடங்கலாம். எங்கள் சனத்தில் பாதிப்பேருக்குத் தமிழ்நாடு என்றால் ரங்கநாதன் தெருவும் பாண்டி பஜாரும்தான். போவார்கள், சேலை எடுப்பார்கள், கிலோக் கணக்குப் பார்த்துத் திரும்புவார்கள். நீர் அப்படிச் செய்யாதேயும். சென்னை சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறும். விடிய மேட்டுப்பாளையம். அங்கே எதிரே நிற்கும் மலை ரயிலில் ஊட்டி. 46 கிலோமீற்றருக்கு ஐந்து மணித்தியாலம் வரை எடுக்கும். குன்னூர் வரை நீராவி எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும். தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிற சத்தத்தைக் கேட்க ஜன்னலோரம் இரும். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் ஊட்டி வரைக்கும் போட்ட பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இறங்கி, கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளம். ஆலப்புழையில் ஹவுஸ்போட்காரர் கூப்பிடுவார்கள். கும்பிடு போட்டுவிட்டு அரசாங்கப் படகில் ஏறிக் கோட்டயம் போம். பள்ளிக்கூடப் பிள்ளையும் மீன்காரியும் ஏறி இறங்கும் அந்தப் படகுதான் ஊரைக் காட்டும். பிறகு திருவனந்தபுரம், நாகர்கோவில், கன்னியாகுமரி. அங்கிருந்து திருநெல்வேலி, மதுரை, ராமேஸ்வரம். இரண்டு கிழமை போதாது என்று வீட்டுக்கு இப்போதே சொல்லிவையும்.

மாமி ஒருவர், ஹம்டன் லேன்
இரண்டு பெரிய சூட்கேஸோடு ரயிலில் போகலாமா?

போர்ட்டர் பிழைப்பார் மாமி.

வங்கி உத்தியோகத்தர், பம்பலப்பிட்டி
ரயிலில் எந்த வகுப்பு, எந்த இடம் நல்லது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! ஸ்லீப்பர் வகுப்பு, சைட் லோயர். பெட்டிக்குள் எட்டெட்டுப் படுக்கையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பக்கம் மூன்றடுக்காய் ஆறு, நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஜன்னலோடு ஒட்டி இரண்டு. அந்த இரண்டில் கீழே உள்ளதுதான் நான் சொல்வது. இலக்கம் 7, 15, 23, 31 என எட்டெட்டாய்க் கூட்டிக்கொண்டு போங்கள், எல்லாம் சைட் லோயர். பகலில் அது எதிரெதிரே இரண்டு இருக்கை. முழு ஜன்னலும் உங்கள் முழங்கைக்குக் கீழே. எதிரே மேல்படுக்கைக்காரர் வந்து இருப்பார், அவரோடு கதைக்கலாம். இரவில் இரண்டு முதுகுச் சாய்வையும் மடக்கிவிட்டால் படுக்கை. நடுவில் ஒரு பொருத்து முதுகைக் குத்தும், தடித்த போர்வை ஒன்று கொண்டுபோங்கள்.

ஏசி வகுப்பில் என்ன குறை என்று கேட்பீர்கள். ஜன்னல் திறக்காது! காவிரிப் பாலத்தில் ரயில் ஏறும்போது சத்தம் மாறுவதைக் கேட்க முடியாது, விழுப்புரத்தில் வடைக்காரர் குரல் கேட்காது. காற்றுக்காகப் பயணம் போகிறவர் கண்ணாடிக்குக் காசு கொடுக்கக்கூடாது.

முன்பதிவு 60 நாளைக்கு முன் திறக்கும் (2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது). கடைசி நேர முன்பதிவான தட்கலை நம்பாதீர்கள், 2025 ஜூலை முதல் இணையத்தில் அதை எடுக்க ஆதார் வேண்டும், எங்களிடம் அது இல்லை. ஆர்.ஏ.சி. என்று வந்தால் பயப்படவேண்டாம். ரயிலேறலாம், இடமும் உண்டு, ஒரு சைட் லோயரை இரண்டு பேர் பகிரவேண்டும். பாதி ராசா!

ஒரு அண்ணை, தெஹிவளை
ஏசி பஸ் எப்படி?

நித்திரை கொள்கிறவருக்கு நல்லது. ஊர் பார்க்கிறவர் ஜன்னல் திறக்கும் பஸ்ஸில் ஏறுங்கள்.

மாணவி, வெள்ளவத்தை
மதுரையில் கொடைக்கானல் பஸ்ஸைத் தேடி மாட்டுத்தாவணியில் அலைந்தோம். ஏன் இல்லை?

அது ஆரப்பாளையத்தில் நின்றது தங்கச்சி. மேற்கே போகிற கோயம்புத்தூர், தேனி, கொடைக்கானல் எல்லாம் ஆரப்பாளையம். திருநெல்வேலி, திருச்சி, ராமேஸ்வரம் என்றால் மாட்டுத்தாவணி. சென்னையிலும் தெற்கே போகும் பஸ்கள் 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன, கோயம்பேட்டில் நிற்காதீர்கள். ‘எந்த ஊருக்கு, எந்த ஸ்டாண்ட்?’ என்று கேட்டுவிட்டுத்தான் ஓட்டோவில் ஏறவேண்டும். பஸ் பலகையை வாசிக்கத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் நாங்கள். ‘வழி’ என்று எழுதியிருக்கும் ஊர்களையும் சேர்த்து வாசியுங்கள்.

ஒரு தம்பி, கிருலப்பனை
வாயைத் திறந்தால் ‘கேரளாவா?’ என்கிறார்கள்.

கேரளாவில் ‘தமிழ்நாடா?’ என்பார்கள். இரண்டு இடத்திலும் ‘இலங்கை’ என்று சொல்லும். பிறகு பேச்சு நிற்காது.

ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை
கோட்டையில் ஒரே டிக்கட் எடுத்து எழும்பூரில் இறங்கினேன் என்று அப்பா சொல்வார். உண்மைதானா?

முழு உண்மை ஐயா. பாம்பன் பாலம் திறந்த 1914இலிருந்து அதுதான் போட் மெயில். கோட்டையிலிருந்து தலைமன்னார் வரை ரயில், தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கே கரையிலேயே நிற்கும் ரயிலில் சென்னை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடியும் அதற்குப் போன பயணிகள் ரயிலும் கடலோடு போயின. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, யுத்தம் அதையும் நிறுத்தியது. எழும்பூர் – ராமேஸ்வரம் இரவு ரயிலை அந்தப் பக்கத்துச் சனம் இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் சொல்கிறது. எங்கள் பக்கம் தலைமன்னார்ப் பாதையும் 2015இல் திரும்ப ஓடத் தொடங்கியது. இடையில் கடல் மட்டும்தான் பாக்கி. அந்தக் கப்பல் திரும்ப வரவேண்டும் என்று இந்தப் பகுதியில் நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

இப்போதைக்குக் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குப் படகு. 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. மாரியில் நிறுத்துவார்கள், நாளைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள்.

அப்பு ஒருவர், கொட்டாஞ்சேனை
சைவச் சாப்பாடு கிடைக்குமா?

தமிழ்நாட்டிலா! மீனுக்குத்தான் விசாரிக்கவேண்டும்.

ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை
நான் 1991இல் மண்டபம் அகதி முகாமில் பிறந்தேன். கைக்குழந்தையாகத் திரும்பிவிட்டேன். அந்த இடத்தைப் பார்க்கவேண்டும். எப்படிப் போவது?

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயில் எடுங்கள், அக்கா. மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், அதன் பிறகு மண்டபம். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பஸ்ஸும் அந்த வழிதான். ‘மண்டபம் கேம்ப்’ என்று கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள்.

உள்ளே போக அனுமதி வேண்டும். ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வாசலில் நின்று மனம் நோகாதீர்கள். இன்றும் அங்கே எங்கள் சனம் குடும்பமாய் வாழ்கிறது. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவேண்டாம். தெரிந்துகொண்டு போகவேண்டிய இன்னொன்று: அந்த முகாம் முதலில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்த காலத்தில், கப்பலேறுமுன் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த இடம். இங்கே வந்தவர்களும் அங்கே ஓடியவர்களும் அதே மணலில்தான் படுத்தார்கள்.

அம்மா நடக்கக்கூடியவராக இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தக் கொட்டில், எந்தக் கிணற்றடி என்று சொல்ல அவரால்தான் முடியும். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயில்களை அடுத்த முறை பார்க்கலாம்.

இரண்டு நண்பர்கள், கொட்டாஞ்சேனை
இலங்கைப் பாஸ்போட்டைக் கண்டதும் லொட்ஜில் ‘ரூம் இல்லை’ என்கிறார்களே?

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அவருடைய விபரத்தைச் ‘சி’ படிவத்தில் அதிகாரிகளுக்கு அனுப்பவேண்டும் என்பது அங்கத்தைய சட்டம். சிறிய லொட்ஜுகள் அந்த வேலைக்குப் பயந்து இல்லை என்றுவிடும். சண்டை பிடிக்காமல் முன்கூட்டியே தொலைபேசியில் ‘சி படிவம் போடுவீர்களா?’ என்று கேளுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்கி அறை தேடவேண்டாம். பாஸ்போட், விசா பிரதி நாலைந்து கையில் வைத்திருங்கள்.

அவர்களே, மறுபடியும்
திரும்பும்போது ரீ.நகருக்கு ஒரு எட்டுப் போகலாமா?

பையில் இடமிருந்தால்.