டி.வி. முன்னால் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்

சென்னையின் எஃப்சி வெளியூரில் ஆடினால் என் கணவர் இங்கே டி.வி. முன்னால் கத்துகிறார். அது அவர்களுக்குக் கேட்குமா?
– வாசகி, கிழக்கு தாம்பரம்

நீங்கள் சமையலறையிலிருந்து கூப்பிடுவது அவருக்குக் கேட்கிறதா?

ஆனாலும் கத்தட்டும், விடுங்கள். இந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது இரண்டே முறை. இரண்டும் எதிராளியின் சொந்த மைதானத்தில்! 2015 டிசம்பரில் கோவாவின் ஃபட்டோர்டா, 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா. இரண்டிலும் ஸ்கோர் 3-2. பெங்களூரில் இந்த அணியின் முதல் இரண்டு கோல்களையும் தலையால் முட்டிப் போட்டவர் மெயில்சன் ஆல்வெஸ், தடுப்பாட்டக்காரர்.

2015 இறுதிப் போட்டியில் 'தோத்தாச்சு' என்று டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார் என் மாமனார். என்ன தண்டனை தரலாம்?
– வாசகர், குரோம்பேட்டை

அந்தக் கடைசி நிமிடங்களைத் தினமும் போட்டுக் காட்டுங்கள். 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90-ல் அவர்களுடைய கோல்கீப்பர் கட்டிமணியே பந்தைத் தன் வலைக்குள் தள்ளிவிட்டார். மூச்சு விடுவதற்குள் சென்னை வீரர் மென்டோசா வெற்றி கோல்.

மாமனார் அப்போது குறட்டை.

சென்னையில் நடக்கும் ஆட்டத்தையும் டி.வி.யில்தான் பார்க்கிறேன். நான் உண்மையான ரசிகன்தானா?
– வாசகர், மேற்கு தாம்பரம்

தாம்பரத்துக்காரருக்கு ஸ்டேடியம் இருக்கும் பெரியமேடே வெளியூர்தானே! நடுவர் கூடுதல் நேரம் கொடுத்தால் அங்கே உங்கள் கண் பந்தின் மேலா இருக்கும், கடைசி எலக்ட்ரிக் ட்ரெயின் மேலா?

ஒரு தடவையாவது பார்க் ஸ்டேஷனில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்குப் போய் வாருங்கள். டி.வி.யில் எதிரணியைத் திட்டினால் பதில் வராது. அங்கே வரும்.