முப்பதாயிரத்தில் கம்ப்யூட்டர்: முழுமையான வழிகாட்டி

முதலில் பட்ஜெட்டை முடிவு செய்யுங்கள். 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இதில் மானிட்டர், யூபிஎஸ், விண்டோஸ் எதுவும் சேராது. அதையெல்லாம் இப்போதே நினைத்தால் ஆசையே போய்விடும். பணம் கட்டிவிட்டு ஆட்டோவுக்குக் கை காட்டும்போது நினைவுக்கு வந்தால் போதும்.

அடுத்து, பிராண்டட் வாங்குவதா, அசெம்பிள் செய்வதா என்று யாரையாவது கேட்க வேண்டும். சொந்தத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் எப்படியும் இருப்பான். உங்களுக்கு வேண்டியது டாலியும் பிள்ளையின் ஹோம்வொர்க்கும்தான் என்று அவனிடம் சொல்லிவிடாதீர்கள், மனம் உடைந்துபோவான். அவன் தரும் பட்டியலில் கண்ணாடிக் கேபினெட், ஏழு நிறத்தில் எரியும் ஃபேன், தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும் கூலர் எல்லாம் இருக்கும். கூட்டினால் 85,000 வரும். "இது பேசிக் மாடல்தான் மாமா" என்பான். நம்புங்கள்.

பட்டியலோடு சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் கூட்டம் இருக்காது; கடைகளும் பெரும்பாலும் திறந்திருக்காது. மற்ற நாட்களில், "ஐ7 சிஸ்டம் சார், சல்லிசா முடிச்சுத் தரேன்" என்று ஒரு குரல் கேட்கும். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்பது மரியாதை இல்லை. இன்டெல் முதல் ஐ7ஐ விட்டது 2008இல். 14ஆம் தலைமுறை வரை அதே பெயர்தான். 2011இல் வந்த எச்61 சிப்செட் போர்டுகள் இன்னமும் புது அட்டைப்பெட்டியில் விற்கின்றன. அதில் உட்காரும் ப்ராசசர் மட்டும் ஏதோ ஓர் ஆபீஸில் உழைத்து ரிட்டையர் ஆனது. விண்டோஸ் 11 அதைச் சேர்த்துக்கொள்ளாது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது வேண்டும் என்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. இதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். அதனால்தான் சல்லிசு.

புது ப்ராசசர்தான் என்றால், பெயரின் கடைசியில் 'எஃப்' இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ஐ5 12400ஐ விட 12400எஃப் விலை குறைவு. உள்ளே கிராபிக்ஸ் இல்லாததால்தான் அந்தக் குறைவு. தனி கார்டு போடாதவரை திரையில் ஒன்றும் வராது. ஏஎம்டி ரைசன் 5 5600க்கும் 5600ஜிக்கும் இதே வித்தியாசம்தான். வீட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, சுவிட்சைப் போட்ட பிறகே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மிச்சம் பிடிக்க இருக்கவே இருக்கிறது, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ். மலிவு கேபினெட்டோடு சும்மாவே வரும். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். எத்தனை வாட்ஸ் போட்டாலும் ஸ்டிக்கர் அச்சடிக்க ஒரே செலவுதானே. அது போகும்போது போர்டையும் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாலும் போகும்.

இந்தச் சள்ளையே வேண்டாம் என்று பிராண்டட் பக்கம் போகிறீர்களா? அசல் விண்டோஸ் இருக்கும், ஒரு வருடம் வாரண்டி இருக்கும். மூடியை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். 8 ஜிபி ரேம் ஒற்றையாகத் தொங்கும். பல மாடல்களில் எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனிக்கே உரிய அளவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் அது போனால், வெளிக்கடையில் பொருத்தமானது கிடைப்பது குதிரைக்கொம்பு.

அசெம்பிள் செய்தவருக்கு வாரண்டியில் குறையே இல்லை. ப்ராசசருக்கு 3 வருடம், போர்டுக்கு 3 வருடம், ரேமுக்குப் பல கம்பெனிகள் ஆயுள் வாரண்டியே தருகின்றன. யாருடைய ஆயுள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஆனால் சிஸ்டம் ஆன் ஆகாத அன்று, இவற்றில் எது குற்றவாளி என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. போர்டு சர்வீஸ் சென்டர் ரேமைப் பார்க்கச் சொல்லும். ரேம்காரர் எஸ்எம்பிஎஸ்ஸைக் காட்டுவார். எஸ்எம்பிஎஸ்காரர் உங்கள் வீட்டு எர்த்தைச் சந்தேகப்படுவார். பிராண்டட் வாங்கியவருக்கு ஒரே போன் நம்பர். அதில் வெகுநேரம் பாட்டுக் கேட்கலாம். யாரோடு மல்லுக்கட்ட உங்களுக்குத் தெம்பு இருக்கிறதோ, அதைப் பொறுத்து முடிவெடுங்கள்.

அசெம்பிள் செய்தால் மிச்சம் என்ற கணக்கும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு விற்பதில்தான் லாபம் என்று மெமரி கம்பெனிகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்றுவந்ததையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது.

விளையாட்டுப் பேச்சு போதும். கேம், வீடியோ எடிட்டிங் என்றால் அசெம்பிள்தான். எஸ்எம்பிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆள் வந்து பார்த்தால்தான் நிம்மதி என்பவர் பிராண்டட் வாங்கலாம். டாலிக்கும் ஹோம்வொர்க்குக்கும் இரண்டுமே வேண்டாம்: ஆபீஸ்களிலிருந்து கழித்துவரும் ரீஃபர்பிஷ்டு சிஸ்டம், 8ஆம் தலைமுறை ஐ5க்குக் குறையாமல், புது எஸ்எஸ்டியோடு போதும். ரேம் அதிலேயே இருக்கும். எதை வாங்கினாலும், சீரியல் நம்பர் போட்ட ஜிஎஸ்டி பில் கையில் வராமல் கடைப்படி இறங்காதீர்கள்.